முத்திரை பெற்ற சூது



மளிகைக் கடையில் தராசின் மீதும் எடைக்கல்லின் மீதும் அரசாங்க முத்திரை குத்தப்பட்டிருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்த முத்திரை நமக்கு என்ன சொல்கிறது? ஒரு கிலோ என்று காட்டினால் அது ஒரு கிலோதான் என்று சொல்கிறது. அவ்வளவே! தட்டில் கிடப்பது நல்ல அரிசியா, புழுத்த அரிசியா என்பது அந்த முத்திரைக்குத் தெரியாது. நஞ்சை வைத்து நிறுத்தாலும் முத்திரை பெற்ற தராசு சரியான எடையைத்தான் காட்டும்.

இந்தச் சிறிய உண்மையை மனத்தில் இருத்திக்கொண்டு, இன்று நம் பிள்ளைகளின் கைப்பேசித் திரையில் தோன்றும் மற்றொரு முத்திரையைக் காண்போம். இணையச் சூதாட்டத் தளங்களின் அடிப்பகுதியில் சின்னஞ்சிறு வட்ட முத்திரைகள் வரிசையாக இருக்கும். 'உரிமம் பெற்றது', 'சோதனைக்கூடச் சான்று பெற்றது', 'நூறு சதவிகிதம் நேர்மையான ஆட்டம்' என்றெல்லாம் அவை அறிவிக்கும். நம் நாட்டிலும் பணம் வைத்து ஆடும் ரம்மிச் செயலிகள் பல, தங்கள் சீட்டுக் கலைப்புக்கு இத்தகைய சான்றிதழ் வாங்கியிருப்பதாக விளம்பரம் செய்து வந்தன. "இது திருட்டுத்தனமான ஆட்டம் அல்ல, முறைப்படி அங்கீகாரம் பெற்றது" என்று வீட்டிலுள்ள இளைஞர் வாதிடும்போது, பெற்றோர் பலர் பதில் சொல்லத் தெரியாமல் திகைத்து நிற்கின்றனர்.

அந்தச் சான்றிதழை யார் தருகிறார்கள்? எதைச் சோதித்துத் தருகிறார்கள்? எதைச் சோதிப்பதே இல்லை? இந்த மூன்று கேள்விகளுக்கும் விடை தெரிந்த தாய் தந்தையர் திகைத்து நிற்க வேண்டியதில்லை. ஆகவே அதனைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

கடை ஒருவருடையது, சரக்கு மற்றொருவருடையது

இணையத்தில் ஒரு சூதாட்டத் தளத்தைத் திறந்தால் நூற்றுக்கணக்கான ஆட்டங்கள் காட்சியளிக்கும். அவை அனைத்தையும் அந்தத் தளத்தை நடத்துபவரே தயாரித்தார் என்று எண்ணிவிடாதீர்கள். பெரும்பாலும் அவர் கடைக்காரர் மட்டுமே. சரக்கைத் தயாரிப்பவர்கள் வேறு. அவர்கள் மென்பொருள் நிறுவனத்தார். சீட்டைக் கலைக்கும் நிரல், சக்கரத்தைச் சுழற்றும் நிரல், வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கும் கணக்கு ஆகிய யாவும் அவர்களிடமிருந்தே வருகின்றன. ஒரே நிறுவனத்தின் ஆட்டம் பற்பல தளங்களில் ஒரே நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கும்.

இந்த வியாபாரத்தின் தொடக்க காலத்தில் கட்டுப்பாடு என்பது மிகச் சொற்பமாகவே இருந்தது. கரீபியன் கடலிலுள்ள ஆன்டிகுவா பார்புடா என்னும் சிறு தீவு நாடு 1994ஆம் ஆண்டில் தடையற்ற வணிக மண்டலச் சட்டம் ஒன்றை இயற்றி, இணையச் சூதாட்டத்திற்கு உரிமம் வழங்க வழி திறந்தது. 1996இல் கனடாவின் மான்ட்ரியல் நகருக்கு அருகிலுள்ள கானவாகே என்னும் மோஹாக் பழங்குடி மக்களின் பகுதியில் ஒரு சூதாட்ட ஆணையம் ஏற்பட்டது. உலகின் எந்த மூலையிலோ உள்ள கணினி, எந்த மூலையிலோ உள்ள மனிதரின் பணத்தை வாங்கிக்கொண்டது. அந்தக் கணினிக்குள் என்ன நடக்கிறது என்று எட்டிப்பார்க்க ஆடுபவருக்கு வழியே இல்லை.

எட்டிப்பார்த்தவர்கள் அதிர்ச்சியடைந்தார்கள். 1999இல் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்து மென்பொருள் வல்லுநர் சிலர், இணையப் போக்கர் ஆட்டம் ஒன்றின் சீட்டுக் கலைப்பு நிரலை ஆராய்ந்தனர். 'நாங்கள் எவ்வளவு நேர்மையாகக் கலைக்கிறோம் பாருங்கள்' என்று பெருமையுடன் அந்த நிரலை வெளியிட்டவர்கள் அதைத் தயாரித்தவர்களேயாவர். 52 சீட்டுகளைக் கலைத்து அடுக்கக்கூடிய முறைகளின் எண்ணிக்கை, 8 என்ற இலக்கத்தின் பின்னால் 67 சுழிகளை இட்டால் வரும் எண்ணுக்கு நிகரானது. ஆனால் அந்த நிரலோ, நள்ளிரவிலிருந்து எத்தனை மில்லி விநாடி கழிந்துள்ளது என்ற கடிகாரக் கணக்கைக் கொண்டே கலைப்பைத் தொடங்கியது. ஒரு நாளில் உள்ளவை 8 கோடியே 64 லட்சம் மில்லி விநாடிகள்தாம். ஆக, அந்த நிரலால் அத்தனை விதமாகத்தான் கலைக்க முடியும். கணினிக்கு அதை எண்ணி முடிப்பது விளையாட்டு. தமது கையிலுள்ள இரண்டு சீட்டுகளையும் மேசையில் விரித்த மூன்று சீட்டுகளையும் கொண்டு, எதிராளிகள் அனைவரின் சீட்டுகளையும் அந்த வல்லுநர்கள் கண்டுபிடித்துக் காட்டினார்கள்.

இது கவனக்குறைவால் நேர்ந்த குறை. வேண்டுமென்றே செய்த மோசடியும் உண்டு. 2007, 2008ஆம் ஆண்டுகளில் அப்சொல்யூட் போக்கர், அல்டிமேட் பெட் என்னும் இரு தளங்களில் மாபெரும் ஏமாற்று வெளிப்பட்டது. உள்ளிருந்த சிலர், மற்றவர்களின் மறைத்த சீட்டுகளைப் பார்க்கும் வழியை மென்பொருளிலேயே வைத்துக்கொண்டு ஆடினர். ஐயம் எழுப்பியவர்கள் அதிகாரிகள் அல்லர்; பணத்தை இழந்த ஆட்டக்காரர்களே கணக்குகளைத் தோண்டித் துருவி உண்மையைக் கொண்டுவந்தார்கள். இரு தளங்களும் கானவாகே ஆணையத்திடம் உரிமம் பெற்றவையே. அவ்வாணையம் முதல் தளத்திற்கு ஐந்து லட்சம் டாலரும், இரண்டாவது தளத்திற்கு 15 லட்சம் டாலரும் அபராதம் விதித்தது. முத்திரை இருந்தும் நடந்தது இந்த மோசடி!

பிரிட்டன் விதிக்கும் நிபந்தனைகள்

இத்தகைய அனுபவங்களின் விளைவாகவே, கடைக்காரரை மட்டும் கண்காணித்தால் போதாது, சரக்குத் தயாரிப்பவரையும் சட்டத்தின் முன் நிறுத்த வேண்டும் என்ற எண்ணம் வலுப்பெற்றது. இதில் மிக விரிவான ஏற்பாட்டைச் செய்துள்ள நாடுகளில் ஒன்று பிரிட்டன். அதையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

அந்நாட்டின் 2005ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டம் 2007 செப்டம்பரில் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. பர்மிங்ஹாம் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட சூதாட்ட ஆணையம் அதனைச் செயற்படுத்துகிறது. அச்சட்டத்தின் 41ஆம் பிரிவு, தொழில்முறையில் சூதாட்ட மென்பொருளைத் தயாரிப்பது, வழங்குவது, நிறுவிக் கொடுப்பது, மாற்றியமைப்பது ஆகிய நான்கையும் உரிமம் இன்றிச் செய்வது குற்றம் என்கிறது. அபராதம் மட்டுமன்றிச் சிறைத் தண்டனையும் விதிக்கத்தக்க குற்றம் அது. 2014 நவம்பர் முதல், உலகில் எங்கிருந்து நடத்தினாலும் பிரிட்டன் மக்களை ஆடவைக்கும் தளம் அந்நாட்டு உரிமம் பெற்றாக வேண்டும் என்றாயிற்று. 2015 மார்ச் இறுதி முதல், உரிமம் பெற்ற மென்பொருள் நிறுவனத்திடமிருந்து மட்டுமே ஆட்டங்களை வாங்க வேண்டும் என்ற நிபந்தனையும் சேர்ந்தது.

உரிமம் கோருபவர் எவற்றையெல்லாம் காட்ட வேண்டும்? முதலாவதாக, நிறுவனத்தின் உண்மையான உரிமையாளர் யார், முதலீடு எங்கிருந்து வந்தது என்பதை வெளிப்படுத்த வேண்டும். நாணயம், திறமை, பண நிலைமை, குற்றப் பின்னணி ஆகியவற்றை ஆணையம் ஆராயும். முக்கியப் பொறுப்புகளில் உள்ளவர்கள் தனித்தனியே தம் பெயரில் உரிமம் பெற வேண்டும். நிறுவனத்தின் பின்னால் மறைந்துகொள்ள அவர்களுக்கு இடமில்லை.

இரண்டாவதாக, ஆட்டம் சோதிக்கப்பட வேண்டும். ஆணையம் ஏற்றுக்கொண்ட தனியார் சோதனைக்கூடங்கள் இதைச் செய்கின்றன. அந்தக் கூடங்களுக்கே ஒரு தகுதித் தேவை உண்டு. சோதனைக்கூடங்களின் திறமைக்கான ஐஎஸ்ஓ 17025 என்னும் அனைத்துலகத் தரத்தின்படி அவை அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும். சோதிப்பவரையும் ஒருவர் சோதிக்கிறார் என்பது இதன் பொருள்.

சோதனையின் மையம், தற்செயல் எண்களை உருவாக்கும் நிரல். ஆங்கில எழுத்துகளில் சுருக்கமாக ஆர்.என்.ஜி. என்பார்கள். சக்கரம் எங்கே நிற்கும், எந்தச் சீட்டு விழும் என்பதைத் தீர்மானிப்பது இதுவே. அதன் எண்களை இலட்சக்கணக்கில் எடுத்துப் புள்ளியியல் முறைப்படி ஆராய்கிறார்கள். அடுத்த எண்ணை எவரேனும் முன்கூட்டியே ஊகிக்க முடியுமா என்று நிரலின் மூலத்தைப் படித்துப் பார்க்கிறார்கள். 1999இல் கண்ட கடிகாரக் குறை போன்றவை இப்போது இங்கேயே பிடிபட வேண்டும். அடுத்து, ஆட்டத்தின் விதிகளும் வெற்றி வாய்ப்பும் ஆடுபவருக்குத் தெரியும்படி அறிவிக்கப்பட்டுள்ளனவா, அறிவித்தபடியே கணக்கு அமைந்துள்ளதா என்று பார்க்கிறார்கள்.

மூன்றாவதாக, சான்று பெற்றபின் நிரலைத் திருட்டுத்தனமாக மாற்றிவிடக் கூடாதல்லவா? ஆகவே செய்யும் மாற்றங்கள் பதிவு செய்யப்படுகின்றன. பெரிய மாற்றமானால் மறுபடியும் வெளிச் சோதனை. ஆண்டுதோறும் ஆட்டச் சோதனை முறைகளுக்கு ஒரு தணிக்கை. ஐஎஸ்ஓ 27001 என்னும் தரத்தைத் தழுவித் தகவல் பாதுகாப்புக்கு ஒரு தணிக்கை. ஆட்டம் நடைமுறையில் அறிவித்த விகிதப்படிதான் பணத்தைத் திருப்பித் தருகிறதா என்று தொடர் கண்காணிப்பு. இத்தனையும் உண்டு.

பிற நாடுகளும் இதே வழியில் வருகின்றன. மால்டாவின் 2018ஆம் ஆண்டுச் சட்டம், ஆட்டங்களை வழங்கும் நிறுவனங்களுக்குத் தனி வகை உரிமம் வைத்துள்ளது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் 2022 ஏப்ரலில் இணையச் சூதாட்டச் சந்தையைத் திறந்தபோது, மென்பொருள் வழங்குவோரும் பதிவு செய்தாக வேண்டும் என்றது. சுவீடன் 2023 ஜூலை முதல் மென்பொருள் தயாரிப்போருக்குத் தனி அனுமதி கேட்கிறது. நெடுங்காலம் தளர்வான உரிமங்களுக்குப் பெயர்போன குராசாவ் தீவும் 2024 டிசம்பரில் புதிய சட்டத்தைக் கொண்டுவந்து, பழைய முறையைக் கைவிட்டது.

நேர்மையாகச் சொல்லவேண்டுமானால், இவை வீண் வேலைகள் அல்ல. மறைத்த சீட்டைப் பார்த்து மோசடி செய்பவனைத் தடுப்பது நல்ல காரியமே. ஆனால், இத்தனை வடிகட்டிகளையும் கடந்து வெளியே வரும் ஆட்டம் எத்தகையது என்பதுதான் நாம் கேட்க வேண்டிய கேள்வி.

நேர்மையாகத் தோற்பது

சான்றிதழ் பெற்ற ஆட்டத்தில் ஆடுபவர் தோற்கிறார். ஆனால் அறிவித்தபடியே தோற்கிறார். வேறுபாடு இவ்வளவுதான்!

சக்கர ஆட்டமான ரூலட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பிய முறைச் சக்கரத்தில் 37 குழிகள் உள்ளன. ஓர் எண்ணில் பணம் வைத்து வென்றால் வைத்த தொகையுடன் 35 மடங்கு தருவார்கள். குழிகள் 37, திரும்ப வருவது 36. அந்த ஒரு பங்கின் வித்தியாசம், அதாவது 2.7 சதவிகிதம், என்றென்றும் கடைக்காரருடையது. எந்தச் சோதனைக்கூடமும் அதனைக் குறையாகக் கருதாது. மாறாக, அது பிசகாமல் இருக்கிறதா என்றுதான் சரிபார்த்துச் சான்று தரும்.

திரையில் சுழலும் ஸ்லாட் ஆட்டங்களில், வைத்த பணத்தில் 96 சதவிகிதம் திரும்பும் என்று அறிவிப்பு இருப்பதாகக் கொள்வோம். கேட்பதற்கு இனிமையாக உள்ளது. நூறு ரூபாய்க்கு நான்கு ரூபாய்தானே நஷ்டம் என்று தோன்றும். இங்கேதான் ஏமாறுகிறோம். அந்த 96 என்பது, கொண்டுவந்த பணத்திற்கு அன்று. ஒவ்வொரு முறை வைக்கும் பணத்திற்கும் உரியது. திரும்பிய 96 ரூபாயை மறுபடியும் வைத்தால் சராசரியாக 92 ரூபாய் சொச்சம் வரும். அதையும் வைத்தால் 88 ரூபாய் சொச்சம். இவ்வாறு பதினேழு முறை சுற்றினால் சராசரியாகப் பாதிப் பணம் போய்விடும்.

இன்னொரு கணக்கு. இரண்டரை விநாடிக்கு ஒரு சுற்று என்றால் ஒரு மணி நேரத்தில் 1440 சுற்றுகள். சுற்றுக்குப் பத்து ரூபாய் என்றால் வைத்த தொகை 14,400 ரூபாய். அதில் நான்கு சதவிகிதம் 576 ரூபாய். ஒரு மணி நேரத்திற்குச் சராசரி நஷ்டம் அதுவே. நாள் முழுதும் வெயிலில் உழைத்தவரின் கூலியில் பெரும்பகுதி, படுக்கையில் சாய்ந்தபடியே ஒரு மணி நேரத்தில் கரைந்துவிடுகிறது. எந்த மோசடியும் நடைபெறவில்லை. எல்லாம் முத்திரைப்படியே நடந்தது!

இடையில் ஒருவருக்குப் பெருந்தொகை விழுவதும் உண்மைதான். அந்தத் தொகை எங்கிருந்து வந்தது? தோற்ற ஆயிரம் பேருடைய வீட்டிலிருந்து வந்தது. அவர் வென்றதை எல்லாரும் அறிவார்கள்; அந்த ஆயிரம் பேர் தம் தோல்வியை மனைவியிடமும் சொல்ல மாட்டார்கள்.

ஆணையமே உணர்ந்துகொண்ட உண்மை

தற்செயல் எண் சரியாக இருந்தால் போதாது என்பதைக் காலப்போக்கில் பிரிட்டன் ஆணையமே உணர்ந்தது. அதன் பிந்தைய விதிகளைப் பாருங்கள். 2020 ஏப்ரலில், கடன் அட்டையைக் கொண்டு சூதாடுவது தடை செய்யப்பட்டது. கடன் வாங்கிச் சூதாடியோர் பட்ட பாடே அதற்குக் காரணம். 2021 அக்டோபர் இறுதியிலிருந்து ஸ்லாட் ஆட்டங்களில் ஒரு சுற்று இரண்டரை விநாடிக்குக் குறையலாகாது என்றும், ஆடுபவர் கை வைக்காமலே தானாகச் சுற்றும் வசதி கூடாது என்றும் விதித்தார்கள்.

அதே நாளில் வந்த மற்றொரு விதி மிகவும் சிந்திக்கத் தக்கது. பத்து ரூபாய் வைத்து நான்கு ரூபாய் திரும்பினால் ஆடுபவருக்கு ஆறு ரூபாய் நஷ்டம். ஆனால் திரையோ விளக்குகளை மின்னவிட்டு, இசையை முழக்கி, வெற்றி விழா கொண்டாடும்! தோல்விக்கு வெற்றியின் வேடம் போடும் இந்தத் தந்திரத்தை ஆணையம் தடை செய்தது. அதுவரை அந்த ஆட்டங்கள் சான்றிதழ் பெற்றவையாகவே இருந்தன என்பதை நினைவில் வையுங்கள். எண்களில் பொய் இல்லை; பொய் வண்ணத்திலும் ஓசையிலும் இருந்தது. எண்களைச் சோதித்த கருவிக்கு அது அகப்படவில்லை.

2025ஆம் ஆண்டில் ஸ்லாட் ஆட்டங்களுக்குத் தொகை உச்சவரம்பும் வந்தது. ஏப்ரல் முதல் ஒரு சுற்றுக்கு ஐந்து பவுன். மே மாதம் முதல் 18 வயது தொடங்கி 24 வயது வரை உள்ளவர்களுக்கு இரண்டு பவுன். இளைஞரின் மனம் எளிதில் சிக்கும் என்பதை அந்நாட்டுச் சட்டமே ஒப்புக்கொண்டது.

ஆயினும் எந்தச் சோதனைக்கூடமும் சோதிக்க முடியாத சில உள்ளன. வைத்த பணம் மகளின் திருமணத்திற்குச் சேர்த்ததா? மனைவியின் நகையை அடகு வைத்ததா? நள்ளிரவு இரண்டு மணிக்கு ஆடுபவர் காலையில் எந்த முகத்தோடு வேலைக்குப் போவார்? இவற்றுக்குத் தரக் குறியீட்டு எண் எதுவும் இல்லை.

அங்கீகாரம் தந்தவரே கைவிட்ட கதை

பிலிப்பைன்ஸ் நாட்டின் அனுபவமும் நாம் அறியத்தக்கது. அங்குள்ள பக்கோர் என்னும் அரசு நிறுவனம் 2016 முதல், வெளிநாட்டினரை ஆடவைக்கும் இணையச் சூதாட்ட நிறுவனங்களுக்கு உரிமம் அளித்தது. அவற்றுக்கு மென்பொருளும் பிற சேவைகளும் வழங்குவோருக்கும் அங்கீகாரம் தந்தது. வருவாய் வந்தது, கட்டடங்கள் எழுந்தன. பின்னர் ஆள்கடத்தல், அடைத்துவைத்து வேலை வாங்குதல், இணைய மோசடி ஆகிய கொடுமைகள் ஒவ்வொன்றாக வெளிப்பட்டன. 2024 ஜூலையில் அதிபர் மார்க்கோஸ் நாடாளுமன்ற உரையில் இத்தொழிலுக்கு முழுத் தடை அறிவித்தார். அவ்வாண்டின் இறுதிக்குள் அவை மூடப்பட வேண்டும் என்று ஆணையிடப்பட்டது.

நம் நாட்டிலும் இதை ஒத்த பாதை உண்டு. தமிழக அரசு 2022இல் கொண்டுவந்த இணையச் சூதாட்டத் தடைச் சட்டம் 2023 ஏப்ரலில் ஆளுநரின் ஒப்புதல் பெற்றது. அதே ஆண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. ஆயினும் ரம்மியும் போக்கரும் திறமை சார்ந்தவை என்று கூறி, அவற்றைத் தடையிலிருந்து விலக்கியது. மத்திய அரசு 2023 ஏப்ரலில் வேறொரு வழியை முயன்றது. தொழில் துறையினரின் சுய ஒழுங்கு அமைப்புகள் ஆட்டங்களைச் சரிபார்த்து அங்கீகரிக்கலாம் என்று விதி வகுத்தது. அத்தகைய அமைப்பு எதுவும் செயலுக்கு வராமலே காலம் கழிந்தது. இறுதியில் 2025 ஆகஸ்டில் பாராளுமன்றம், திறமையா தற்செயலா என்ற வேறுபாடு பாராமல், பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்கள் அனைத்தையும் தடை செய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. ஆகஸ்ட் 22ஆம் நாள் குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார். நிறுவனங்கள் அதனை எதிர்த்து நீதிமன்றம் சென்றன.

ஆகவே, 'வெளிநாட்டில் உரிமம் பெற்றது' என்ற முத்திரை நம் நாட்டு மண்ணில் சட்டப்படி ஆடுவதற்கான அனுமதி ஆகாது. மேலும், முத்திரையின் படத்தைத் திருடி ஒட்டிக்கொள்வதும் எளிது. உண்மையான முத்திரை, போலி முத்திரை இரண்டுக்கும் கண்ணால் வேறுபாடு காண்பது கடினம்.

ரகீப் இருந்த ஆட்டம்

அறியாமைக் கால அரபியரின் 'மைஸிர்' எப்படி நடந்தது என்பதை அரபு மொழி அறிஞர்கள் விரிவாக எழுதி வைத்துள்ளனர். ஓர் ஒட்டகத்தை அறுத்துப் பங்கு வைப்பார்கள். பத்து அம்புகள். ஏழு அம்புகளுக்கு ஒன்று முதல் ஏழு வரை பங்குகள். மூன்று அம்புகள் வெறுமையானவை. அம்புகளை ஒரு பையில் இட்டுக் குலுக்கி எடுப்பதற்குத் தனியாக ஒருவர். அவர் ஏமாற்றிவிடாதபடி மேற்பார்வை செய்ய மற்றொருவர். அந்த மேற்பார்வையாளருக்கு 'ரகீப்' என்று பெயர். வென்றவர் இறைச்சியை ஏழைகளுக்குக் கொடுத்துவிடுவதும் பெருமையாகக் கருதப்பட்டது.

கவனியுங்கள்! குலுக்குவதற்கு முறை இருந்தது. கண்காணிக்க ஆள் இருந்தது. ஏழைக்குப் பலனும் இருந்தது. இன்றைய மொழியில் சொன்னால், அது சான்றிதழ் பெற்ற ஆட்டம். ஆயினும் திருமறை அதனைத் தடுத்தது. மோசடி நடக்கிறது என்பதை அது காரணமாகக் கூறவில்லை. அல்பகரா அத்தியாயத்தின் 219ஆம் வசனம், மதுவிலும் சூதிலும் மக்களுக்குச் சில பயன்கள் இருப்பதை மறுக்காமலேயே, அவற்றின் பாவம் அதைவிடப் பெரிது என்று தீர்ப்பளிக்கிறது. அல்மாயிதா அத்தியாயத்தின் 90, 91ஆம் வசனங்கள் அவற்றை விலக்குமாறு கட்டளையிட்டு, பகைமையையும் வெறுப்பையும் மூட்டி, இறைநினைவையும் தொழுகையையும் மறக்கச் செய்பவை என்று காரணமும் கூறுகின்றன. ஆட்டம் நேர்மையானதா என்று கேட்பது சோதனைக்கூடம். ஆடுபவரின் வீட்டுக்கும் உள்ளத்துக்கும் என்ன நேருகிறது என்று கேட்பது மார்க்கம்.

நிரல் எழுதும் கைகள்

இங்கே மற்றொரு விஷயத்தையும் நம் குடும்பங்களின் கவனத்திற்குக் கொண்டுவர வேண்டும். கணினி படித்த நம் பிள்ளைகள் பலர் வேலை தேடுகிறார்கள். மால்டா, ஜிப்ரால்டர் போன்ற இடங்களிலும், நம் பெருநகரங்களிலும், சூதாட்ட மென்பொருள் நிறுவனங்கள் நல்ல சம்பளத்திற்கு ஆள் எடுக்கின்றன. "நான் சூதாடவில்லையே, நிரல் மட்டும்தானே எழுதுகிறேன்" என்று இளைஞர் தம் மனத்தைத் தேற்றிக்கொள்கிறார்.

இந்த வாதத்தைச் சட்டமே ஏற்கவில்லை என்பதுதான் இவ்வுரிம முறையிலிருந்து நாம் கற்கும் பாடம். பிரிட்டனின் சட்டம் தயாரிப்பவர், வழங்குபவர், நிறுவுபவர், மாற்றியமைப்பவர் ஆகிய அனைவரது தொழிலையும் சூதாட்டத் தொழிலின் பகுதி என்றே கருதி உரிமம் கேட்கிறது. மதுவைக் குறித்து நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்தபோது, குடிப்பவரை மட்டும் குறிப்பிடாமல், பிழிபவர், சுமப்பவர், விற்பவர் முதலியோரையும் சேர்த்தே எண்ணியதை நாம் அறிவோம். பதினான்கு நூற்றாண்டுக்கு முன் சொல்லப்பட்ட அந்த நீதியைத்தான், வேறு நோக்கத்தோடு, இன்றைய சட்டமும் எட்டியிருக்கிறது. ஆகவே, வேலைக் கடிதத்தில் கையொப்பமிடும் முன், அந்த நிறுவனம் யாருக்கு எதைத் தயாரித்துக் கொடுக்கிறது என்று விசாரியுங்கள். ஐயம் இருந்தால் ஊரிலுள்ள ஆலிம்களிடம் விவரத்தை மறைக்காமல் எடுத்துச் சொல்லிக் கேளுங்கள். சம்பளம் குறைவானாலும் மன அமைதி தரும் வேலை கிடைக்காமற் போகாது.

வீட்டில் செய்யத் தக்கவை

பெற்றோர்களே! பிள்ளை சான்றிதழைக் காட்டி வாதிட்டால் கோபத்தால் வாயை அடைக்காதீர்கள். அருகில் அமர்ந்து கேளுங்கள். "இந்த உரிமம் எந்த நாட்டுடையது? நம் நாட்டில் இது செல்லுமா? சோதித்தது எதை? வைத்த பணத்தில் எவ்வளவு திரும்பும் என்று எழுதியிருக்கிறார்கள்? மீதி யாருக்குப் போகிறது?" காகிதத்தில் அந்தப் பதினேழு சுற்றுக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள். கணக்கு தெரிந்த பிள்ளைக்கு அது ஒன்றே போதும்.

வங்கிக் கணக்கிலிருந்து சிறு சிறு தொகைகள் அடிக்கடி போகின்றனவா என்று மாதம் ஒருமுறை குடும்பத்தார் சேர்ந்து பாருங்கள். இரவு நெடுநேரம் விழிப்பது, காரணமில்லாத எரிச்சல், உடனடிக் கடன் செயலிகளின் அழைப்புகள் இவை அடையாளங்கள். ஏற்கெனவே சிக்கியவர் இருந்தால் ஊரறிய அவமானப்படுத்தாதீர்கள். அவமானத்திற்கு அஞ்சியே பலர், இழந்ததை மீட்டுவிட எண்ணி மேலும் இழக்கிறார்கள். சிலர் உயிரையே மாய்த்துக்கொள்ளும் அளவுக்குப் போகிறார்கள். கடன் எவ்வளவு என்பதை அச்சமின்றிச் சொல்லும் சூழலை முதலில் உண்டாக்குங்கள். மன நல ஆலோசனைக்கு அரசின் 14416 என்ற எண்ணும், இணையத்தில் பணம் மோசடி செய்யப்பட்டால் புகார் தர 1930 என்ற எண்ணும் உள்ளன. தயங்காமல் அழையுங்கள். சூதுக்கு அடிமையானவரை மீட்பது ஒரு நோயாளியைப் பராமரிப்பது போன்ற பொறுமையைக் கேட்கும் பணி.

வாசகர்களே! தராசின் மீதுள்ள முத்திரை தராசைப் பற்றியது. அதில் எதை வைத்து நிறுக்கிறோம் என்பது நம்முடைய பொறுப்பு. அன்று அரபியரின் அம்புப் பைக்கு ஒரு ரகீப் இருந்தார். இன்று கணினி நிரலுக்கு ஓர் ஆணையம் இருக்கிறது. அவர்களுடைய பார்வை எண்களோடு நின்றுவிடும். யாவற்றையும் கண்காணிப்பவனாகிய அர்ரகீபின் பார்வையோ, நம் வீட்டு வருமானம் வந்த வழியையும் அது சென்ற வழியையும் அறியும். அந்தப் பார்வைக்கு அஞ்சி உழைத்து உண்ணும் நல்வாழ்வை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.